றெக்கையைத் தாங்கிய எண்ணெய்

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஹோஸ் மாட்டவில்லை என்றால் முதலில் கெட்ட வார்த்தை வரும். அடுத்தது சுத்தியல் வரும். யோசனை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். என் கொழுந்தன் டானிலோவும் அந்த ஜாதிதான்.

மே மாதம், விதைப்பு நேரம். கனடாவில், எங்கள் சாஸ்காச்சுவனில் இந்த நேரத்தில் யாரும் யாரோடும் நின்று பேசமாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் டிராக்டர் வேறு வேலைக்கு வேண்டும் என்று என் புருஷன் நெஸ்டரும் டானிலோவும் கல்டிவேட்டரைக் கழற்றி வயலோரத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அகலமான உழவுக் கருவி அது. ரோட்டில் இழுத்துப் போவதற்காக அதன் இரண்டு பக்க றெக்கைகளையும் மேலே மடக்கி வைப்போம். ஒவ்வொரு றெக்கையும் ஒரு கார் கனம் இருக்கும். வரிசையாகக் கொழு வைத்த இரும்புச் சட்டம். மடக்கிய மேனிக்கே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அவ்வளவு கனத்தையும் மேலே தாங்குவது எது என்று கேட்டால், எண்ணெய்தான். டிராக்டருக்குப் பின்னால் நாலைந்து வாய் இருக்கும். கல்டிவேட்டரிலிருந்து இரண்டு எண்ணெய் ஹோஸ் வரும், றெக்கையைத் தூக்க ஒன்று, இறக்க ஒன்று; ஒவ்வொன்றின் நுனியிலும் இரும்பு மூக்கு இருக்கும். மூக்கை வாயில் வைத்து அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும், பிடித்து இழுத்தால் கழன்றுவிடும். சாவி வேண்டாம், ஸ்பானர் வேண்டாம். கழன்ற அந்த நொடியிலேயே மூக்குக்குள் இருக்கும் சின்ன அடைப்பு ஸ்பிரிங்கால் மூடிக்கொண்டு, உள்ளே இருக்கிற எண்ணெயை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். குயிக் கப்ளிங் என்று சும்மாவா பேர் வைத்தான். ஆனால் அடைபட்ட எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் கிடந்தால் சூடேறி உள்ளேயிருந்து முட்டும். அப்போது எத்தனை பலசாலி அழுத்தினாலும் மூக்கு வாய்க்குள் போகாது.

அன்றைக்கு நல்ல வெயில்.

நான் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் போய் இறங்கினேன். டானிலோ டிராக்டருக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தான். கையில் சுத்தியல். நெஸ்டர் மடக்கிய றெக்கைக்கு அடியில் நின்று ஏதோ ஒரு கொழுவின் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். மாட்டியதும் விரிக்க வேண்டியதுதானே என்று, றெக்கையைப் பூட்டி வைக்கும் இரும்பு முளையை முன்கூட்டியே பிடுங்கி டிராக்டர் மட்கார்டின் மேல் வைத்திருந்தார்கள். அது வெயிலில் பளபளத்தது. முளை இல்லாவிட்டால் றெக்கையைத் தாங்குவது வெறும் எண்ணெய்தான். "நெஸ்டர், வெளிய வா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

டானிலோ மூக்கின் நுனியை டிராக்டரின் இழுவைக் கொக்கியான ஹிட்ச்சின் இரும்பில் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தான். அடைப்பு உள்ளே போய்க் கொஞ்சம் எண்ணெயைக் கக்கிவிட்டால் அழுத்தம் குறையும், அப்புறம் சுலபமாக மாட்டிவிடலாம் என்று கணக்கு. ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். இரண்டு ஹோஸில் இறக்குகிற ஹோஸை அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் தூக்குகிற ஹோஸை அடித்துவிட்டான்.

சீறல் சத்தம் கேட்டது. றெக்கை இறங்கியது.

விழுந்தது என்று சொல்ல முடியாது. சாய்ந்தபடியே, அவசரமில்லாமல் இறங்கி நெஸ்டரை நடுச்சட்டத்தின் பெரிய சக்கரத்தோடு சேர்த்து வைத்து அழுத்தியது. டானிலோ பயந்துபோய்ச் சுத்தியலையும் ஹோஸையும் கீழே போட்டான். மூக்கின் அடைப்பு தானாக மூடிக்கொண்டது. றெக்கை அந்தரத்தில் நின்றது. என் புருஷனின் தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன. இடுப்புக்குக் குறுக்கே இரும்பு.  

ஓடிப்போய் அவன் முகத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"ஸ்லாவ்கா," என்றான் நெஸ்டர். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "இன்னிக்கு என்ன சாப்பாடு?"

"வாயை மூடு."

"வாயை மூடிட்டா மூச்சு எதால விடறது?"

"எங்க வலிக்குது?"

"இடுப்புல ஏதோ ஒடஞ்சிருக்கு. கால் இருக்கான்னு தெரியல. நீ பாத்துச் சொல்லு."

கால் இருந்தது. அதைச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், டானிலோ பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஹோஸிடம் போய்க்கொண்டிருக்கிறான்.

"என்னடா பண்ற?"

"அண்ணி, நட்டை லேசாத் தளத்திப் பிரஷரை விட்டுட்டா மூக்கு மாட்டிடும். மாட்டினா நம்ம டிராக்டர்லயே தூக்கிடலாம்."

நான் எழுந்து போய் அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டேன். முப்பத்தெட்டு வயது ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அறைந்ததற்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

"அந்தப் பிரஷர்தான்டா உங்க அண்ணனைத் தாங்கிட்டிருக்கு. அதை விட்டா மிச்சமும் அவன் மேல இறங்கும்."

அவன் றெக்கையைப் பார்த்தான், ஹோஸைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்தது. இத்தனைக்கும் அவனுக்கு இது தெரியாததில்லை. தெரிந்த விஷயம் கைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மாட்டவில்லையா, அழுத்தத்தை வெளியே விடு என்று அந்தக் கை இருபது வருஷமாகப் பழகியிருந்தது. எங்கள் பழைய டிராக்டரின் வாய் அழுத்தமுள்ள மூக்கை வாங்காது. எண்ணெயை விடாமல் மாட்ட முடியாது. மாட்டாமல் தூக்க முடியாது. எண்ணெயை விட்டால் ஆள் போய்விடுவான்.

"போன் போடு," என்றேன். போட்டான். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் கிளம்புவதாகச் சொன்னார்கள். தீயணைப்புக்காரர்கள் யார் தெரியுமா? எங்களை மாதிரி விவசாயிகள்தான். பாதிப் பேர் அந்த நேரம் வயலில் விதைத்துக்கொண்டிருந்தார்கள். எப்படியும் முக்கால் மணி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பிக்கப்பின் ஜாக்கியை எடுத்து றெக்கைக்கு அடியில் வைத்தோம். ஒரு பலகையும் போட்டோம். இரண்டு சுற்று சுற்றியதும் பலகையோடு சேர்ந்து ஜாக்கி ஈர மண்ணுக்குள் இறங்கியதே தவிர, றெக்கை ஒரு நூல் அசையவில்லை. ஸ்டெப்னி டயரைச் செருகினோம், டூல் பெட்டியைச் செருகினோம். பெட்டி அப்பளமாய் நொறுங்கியது. கனம் தூக்குகிற லோடர் வைத்த டிராக்டர் ஒன்று எங்களிடம் உண்டு. அது பட்டறையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. கஷ்டம் வந்தால் கூட்டணியோடுதான் வரும்.

அப்போதுதான் அந்த மூக்கைக் கவனித்தேன். சுத்தியல் அடியில் அதன் அடைப்பு கோணிக்கொண்டுவிட்டது. நுனியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. ஒவ்வொரு சொட்டுக்கும் அந்தப் பக்கம் றெக்கை கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

டானிலோவும் பார்த்துவிட்டான். விரலால் பொத்தப் போனான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவு அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி விரலை இழந்த ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது உண்டு.

"சொட்டுதா?" என்றான் நெஸ்டர்.

"இல்ல."

"பொய் சொல்லாத. இறுக்குது எனக்குத் தெரியுதே."

நான் நிமிர்ந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். தூசியைக் கிளப்பிக்கொண்டு பெரிய புது டிராக்டர் ஒன்று விதைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காரன் யார்கோவின் டிராக்டர். அதன் வாய்கள் புது மாதிரி. அழுத்தத்தோடு இருக்கும் மூக்கையும் வாங்கிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க கோ-ஆப் கடையில் காப்பி குடித்தபடி அவன் அடித்த தம்பட்டமே அதுதான்.

என் பார்வை போன இடம் நெஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

"அவன் வேண்டாம்," என்றான்.

"என்னது?"

"ஸ்லாவ்கா, அவன் மட்டும் வேண்டாம். வண்டி வரட்டும், நான் தாங்குவேன்."

ஆறு வருஷமாக எங்களுக்கும் யார்கோவுக்கும் பேச்சு இல்லை. ஒரு கிழவியின் நிலத்தை நாங்கள் பதினைந்து வருஷமாகக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தோம். அவன் போய்ப் பேசி அதைத் தன் பக்கம் வாங்கிவிட்டான். சர்ச் ஹாலில் ஈஸ்டர் விருந்தன்று, ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நெஸ்டர் அவனைத் திருடன் என்றான். யார்கோ எழுந்து நின்று, "உன்னை மண்ணுக்குள்ள இறக்கறப்ப முதல் மண்வெட்டி மண்ணு நான்தான் போடுவேன்" என்றான். பாதிரியார் உட்பட எல்லோருக்கும் கேட்டது. அதிலிருந்து ரோட்டில் எதிரே வந்தால் வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைக்கூடத் தூக்குவதில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

"நீ செத்துப்போனா உன் ரோஷத்தை நான் எந்த அலமாரியில வைக்கறது?" என்று கேட்டுவிட்டு பிக்கப்பில் ஏறினேன். "டானிலோ, அவன்கிட்ட பேசிக்கிட்டே இரு. தூங்க விடாத. எதையும் தொடாத."

ரோட்டைத் தாண்டி, விதைத்த மண்ணின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனேன். விதைத்த வயலில் வண்டி ஓட்டுவது இங்கே பாவத்தில் சேர்த்தி. யார்கோ என்னைப் பார்த்தான். நிறுத்தவில்லை. சண்டைக்குத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பான். ஹாரன் அடித்தேன், கையை ஆட்டினேன். அவன் முகத்தை நேரே வைத்துக்கொண்டு ஓட்டினான். நான் அவனைத் தாண்டிப் போய் பிக்கப்பை டிராக்டருக்குக் குறுக்கே நிறுத்தி, இறங்கி நின்றேன்.

அந்த ராட்சசச் சக்கரம் என்னிடமிருந்து ஒரு கட்டில் நீளத்தில் நின்றது. கதவு திறந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினான். "ஏத்தியிருப்பேன்."

"நெஸ்டர் றெக்கைக்கு அடியில மாட்டிக்கிட்டான். தூக்கற பக்கம் சொட்டுது. பிரஷரோட மாட்டணும். உன் டிராக்டர் வேணும்."

அவன் ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் கல்டிவேட்டர், யார் அடித்தது, எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தன் விதைப்புக் கருவியை மண்ணில் இறக்கினான். கீழே குதித்து பின்னால் ஓடி ஹோஸ்களைப் பிடித்து இழுத்தான். டக், டக், டக் என்று ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கருவியை டிராக்டரோடு கோத்திருந்த முளையைப் பிடுங்கினான். நான் பிக்கப்பை விலக்குவதற்குள் டிராக்டர் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

திரும்பி வந்து பார்த்தபோது டானிலோ மண்ணில் படுத்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நெஸ்டர் இப்போது பேசவில்லை. மூச்சு மட்டும் சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. டிராக்டரைப் பார்த்தான், அதற்குள் இருந்தவனைப் பார்த்தான், மறுபடி வானத்தைப் பார்த்தான். ரோஷப்படுவதற்குக்கூட அவனிடம் மூச்சு மிச்சமில்லை. அவன் ரோஷம் போனதைப் பார்த்த பிறகுதான் ஆளும் போய்விடுவான் என்று நான் நம்ப ஆரம்பித்தேன்.

எங்கள் டிராக்டரை டானிலோ முன்னால் நகர்த்தினான். யார்கோ பின்னால் வந்து ஹோஸ் எட்டும் தூரத்தில் நிறுத்தினான். டூல் பெட்டியிலிருந்து சிதறிக் கிடந்த அரம் ஒன்றை எடுத்து, டானிலோ அந்தக் கோணிய மூக்கின் பிசிறை அராவினான். கை நடுங்கியது. ஆனாலும் ஒழுங்காகச் செய்தான்.

"மாட்டினதும் லீவரைப் பின்னால இழு," என்று யார்கோவைப் பார்த்துக் கத்தினான். "பின்னால இழுத்தா றெக்கை மேல போகும்."

யார்கோ கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான். "உன் டிராக்டர்லயா, என் டிராக்டர்லயா?"

"எல்லா டிராக்டர்லயும் அப்படித்தான். பின்னாலன்னா மேல."

"என்னுதுல அப்படி இல்ல. என் பையன் ஸ்கிரீன்ல என்னமோ மாத்தி வெச்சான். விதைக்கிற கருவிக்கு முன்னால தள்ளினாத்தான் மேல வருது."

"அது விதைக்கிற கருவி. றெக்கைக்குத் தலைகீழா இருக்கும்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு நிச்சயமாத் தெரியல. பையனுக்குப் போன் போட்டேன், எடுக்கல."

லீவரை ஒரு பக்கம் அசைத்தால் எண்ணெய் தூக்குகிற ஹோஸுக்குள் போகும், றெக்கை எழும்பும். மறுபக்கம் அசைத்தால் அது இறக்குகிற ஹோஸுக்குள் போகும். இத்தனை பெரிய டிராக்டரின் முழு பலமும் றெக்கையை என் புருஷன் மேல் வைத்து அழுத்தும். முன்னாலா பின்னாலா? அவ்வளவுதான் கேள்வி. ஒருவன் என் கொழுந்தன். இந்தக் கல்டிவேட்டரை வருஷக்கணக்கில் ஓட்டியவன், அரை மணிக்கு முன் நிச்சயமாகத் தெரியும் என்றுதான் சுத்தியலால் அடித்தவன். இன்னொருவன் என் புருஷனைப் புதைக்கத் தேதி பார்த்துக்கொண்டிருப்பவன், நிச்சயமில்லை என்கிறான். நான் யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பவில்லை. ஹோஸை நம்பினேன்.

"டானிலோ, அந்தச் சொட்டற ஹோஸை இப்ப மாட்டாத. இறக்கற ஹோஸை மட்டும் மாட்டு."

"எதுக்கு?"

"சொன்னதைச் செய்."

இறக்குகிற ஹோஸ் றெக்கை கீழே வந்ததில் தொளதொளவென்று தளர்ந்து கிடந்தது. சுலபமாக மாட்டியது. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தூக்குகிற பக்கம் இன்னும் மூடித்தான் இருக்கிறது. அதனால் லீவரை எந்தப் பக்கம் அசைத்தாலும் றெக்கை சட்டென்று இறங்க முடியாது. ஆனால் லீவர் தப்பான பக்கம் போனால், என் கையில் இருக்கும் இந்தத் தளர்ந்த ஹோஸ் விறைக்கும். அவ்வளவுதான் நான் தெரிந்துகொள்ள வேண்டியது.

"யார்கோ, லீவரைப் பின்னால லேசா அசை. ஒரு மயிரிழை. நான் 'நிறுத்து'ன்னா அந்த இடத்துலயே விட்டுடு."

அவன் அசைக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ மேல வந்து பிடி," என்றான். "இல்ல அவனைப் பிடிக்கச் சொல்லு."

"அவன் கை நடுங்குது, பாக்கறியே. ஹோஸை நான் விட முடியாது. உன் டிராக்டர், உன் கைதான் பழகின கை."

"என்னைக் கேக்காத, ஸ்லாவ்கா. வேற எதை வேணாக் கேளு."

எனக்கு அப்படியே உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் உயிருக்குப் போராடும்போது இவன் கௌரவம் பார்க்கிறான் என்று நினைத்தேன். ஆறு வருஷமாக உள்ளே கிடந்த அத்தனையும் வாயில் வந்தது.

"முதல் மண்வெட்டி போடணும்னு காத்திருக்கியா? அதுக்குத்தான் வந்தியா? நிலத்தை எடுத்துக்கிட்ட, இப்ப ஆளையும் எடுத்துக்கறியா? கல்லுளிமங்கா, லீவரைப் பிடி."

அவன் முகம் செத்துப்போனது. லீவரில் கையை வைத்தான்.

"லேசா," என்றேன்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் உள்ளங்கைக்குள் அந்த ரப்பர் ஒரு துள்ளு துள்ளிக் கட்டையாய் விறைத்தது. அந்தப் பக்கம் மூக்கிலிருந்து சொட்டு நின்று நூலாய் எண்ணெய் பீச்சியது. நெஸ்டர் முனகினான்.

"நிறுத்து."

லீவரை விட்டுவிட்டான். நூல் மறுபடி சொட்டானது. பின்னால் என்றால் கீழே. டானிலோ சொன்னபடி முழுசாக இழுத்திருந்தால், இந்நேரம் நாங்கள் எதையும் தூக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது. டானிலோவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரிதாபப்பட்டிருப்பேன். அதற்கு நேரம் இல்லை.

"முன்னாலதான் மேல. இப்ப அந்த மூக்கை மாட்டு."

டானிலோ ஹோஸை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கை வாயில் வைத்து, வயிற்றால் முட்டுக் கொடுத்து அழுத்தினான். போகவில்லை. நான் ஓடிப்போய் அவன் முதுகில் என் தோளை வைத்துத் தள்ளினேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். எங்கள் பழைய டிராக்டரின் வாயாக இருந்தால் செத்தாலும் வாங்கியிருக்காது. இது வாங்கியது. டக்.

அந்தச் சத்தத்தைப் போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. சொட்டு நின்றுவிட்டது.

"யார்கோ, முன்னால. மெதுவா."

அவன் தள்ளினான். ஹோஸ் புரண்டது. றெக்கை உறுமியது, அசையவில்லை. பிறகு அசைந்தது. விரல் அகலம், அப்புறம் கை அகலம். சக்கரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நெஸ்டர் பெரிதாக மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சோடு ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"பிடிச்சுக்கோ, யார்கோ. நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்காத," என்று கத்தினேன். டானிலோ ஒரு கக்கத்தையும் நான் ஒரு கக்கத்தையும் பிடித்து நெஸ்டரை இழுத்தோம். இடுப்பு உடைந்தவனை அப்படி இழுக்கக்கூடாது என்று பிறகு ஆம்புலன்ஸ் பெண் என்னைத் திட்டினாள். திட்டட்டும். அந்த இரும்புக்கு அடியில் இன்னொரு நிமிஷம் அவனை நான் விட்டிருக்க மாட்டேன். வெளியே வந்ததும் டானிலோ ஓடிப்போய் மட்கார்டிலிருந்த முளையை எடுத்து றெக்கையில் அறைந்து பூட்டினான்.

வண்டிகள் வந்தன. நெஸ்டரைப் பலகையில் கட்டினார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். பெண் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அவனா தூக்கினான்?"

"அவன்தான்."

நெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டான். "இனி கோ-ஆப் பக்கம் போக முடியாது. சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

"உயிரோட இருந்தாத்தானே சொல்லிக் காட்ட முடியும். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ."

ஆம்புலன்ஸில் டானிலோ ஏறிக்கொண்டான். அண்ணனின் காலடியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான். பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி கதவைச் சாத்தினேன். அவர்கள் போனார்கள். தீயணைப்புக்காரர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டு விதைப்புக்குத் திரும்பினார்கள்.

யார்கோவின் டிராக்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் இறங்கவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது. நன்றி சொல்ல நான் போய் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறானாக்கும் என்று நினைத்தேன். சரி, அதையும் சொல்லித் தொலைக்கலாம் என்று படியேறிக் கதவைத் திறந்தேன்.

அவன் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கை இன்னும் லீவரை முன்னால் தள்ளிப் பிடித்தபடியே இருந்தது. மணிக்கட்டு நரம்பு புடைத்திருந்தது. தாடையிலிருந்து வேர்வை சொட்டியது.

"யார்கோ, முளையைப் பூட்டியாச்சு. விடு."

"வரல," என்றான்.

"என்ன வரல?"

"கை வரல."

நான் உள்ளே சாய்ந்து அவன் விரல்களைப் பிடித்தேன். பனியில் கிடந்த இரும்பு மாதிரி இருந்தன. கட்டை விரலைப் பிரித்தேன், அடுத்ததைப் பிரித்தேன். ஒன்றைப் பிரித்தால் மற்றது மூடிக்கொண்டது. கடைசியில் கை கழன்று மடியில் விழுந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கையால அவன் போயிருந்தா," என்றான், "வேணும்னே பண்ணிட்டான்னு ஊரே சொல்லியிருக்கும்."

என் பக்கம் திரும்பினான்.

"நீயும் சொல்லியிருப்ப."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது போதுமாக இருந்திருக்கும். எனக்குப் பொய் வரவில்லை.

"சொல்லியிருப்பேன், யார்கோ. என்னை மண்ணுக்குள்ள வைக்கற வரைக்கும் சொல்லியிருப்பேன்."

அவன் தலையாட்டினான். கோபம் இல்லை.

"தெரியும்," என்றான். "நீ வண்டியைக் குறுக்க நிறுத்தினப்பவே தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அந்த டிராக்டரின் படியிலேயே உட்கார்ந்தேன். தூரத்தில் என் புருஷனை ஏற்றிக்கொண்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் யார்கோவுக்காக அழுதேன்.